ஏரி நடுவே நட்ட கொடி

மழை தவறாமல் பெய்க. மடை அடைபடாமல் பாய்க. பொய்க்கணக்கு எழுதிய கைகளுக்கு விரைவில் ஓய்வு வாய்க்க.

குவளைமலை நாட்டின் கோமகளும், பேரேரி சூழ்ந்த ஏழூரின் காவலும், முன்னோர் வெட்டிய வாய்க்காலைத் தூர்ந்துபோக விடாத குலத்தின் கொழுந்துமாகிய பேரரசி கொற்றநங்கையார், தலைநகர் வெண்கோட்டையின் பொன்னவையில் வீற்றிருந்து அல்ல, பேரேரியின் கீழைக்கரையில் பனையோலை வேய்ந்த ஒரு பந்தலில் சேறு காயாத காலோடு அமர்ந்து சொல்ல, ஓலை எழுதுவோன் தத்தன் எழுதியது:

எண்ணிக் கணித்து அரசுக்கு வழி சொல்லும் எண்ணவையின் முதல்வரும், சர்வகணித சூடாமணியும், தொகைவகைப் பேராசானும், விண்மீனை எண்ணி விடை கண்டவரும், மணலுக்கு மதிப்புரைத்த மாமணியும், கோணாக் கோலுடையாரும், பிழையறியாப் பெருந்தகையுமான சேந்தன் கீரனார் திருமுன்பு வைக்க. பட்டங்களில் ஒன்றையும் விடாமல் எழுதச் சொன்னவர் அரசியாரே. ஓலையில் பெரும்பங்கு இதற்கே போகிறதே என்று எழுதுவோன் தயங்கியபோது, பாதகமில்லை, முடிவில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம் என்றருளினார்.

உமது மாளிகை நலமா, மாளிகையின் பளிங்குத் தரை வழுக்காமல் இருக்கிறதா, எண்ணவைக் கணக்கர் அனைவரும் நண்பகல் உறக்கம் குறையாமல் இருக்கின்றனரா, உம் விருந்தினர் விடுதியில் ஓராண்டாகப் பால்சோறு தின்று பாயில் புரளும் விஷவைத்தியர் ஆதனார் நலமா என்று அரசியார் வினவுகிறார். கடைசிக் கேள்விக்கு விடை அவருக்குத் தெரியும். வைத்தியர் இப்போது இந்தப் பந்தலில்தான் இருக்கிறார். இருந்தும் கேட்டு எழுது என்றார்.

இனிக் காரியம். இதில் பாதி உமக்குத் தெரிந்ததே. ஆயினும் இவ்வோலையின் படிகள் ஏழூர் மன்றுகளிலும் உரக்க வாசிக்கப்படும் என்பதாலும், உம் அவைக்குறிப்பில் இது வேறு விதமாக இருக்கும் என்பதில் அரசியாருக்கு ஐயமே இல்லை என்பதாலும், தொடக்கத்திலிருந்தே சொல்லப்படுகிறது.

சென்ற ஆண்டு அறுவடையில் ஏழூர் வயல்களில் பாம்பு தீண்டிப் பலர் மாண்டனர். கட்டிலில் கிடத்தித் தலைநகருக்குத் தூக்கி வருவதற்குள் வழியிலேயே பிணமாயினர். அரசியார் மலைநாட்டுக்கு ஆளனுப்பி, நஞ்சு முறிப்பதில் கைதேர்ந்த ஆதனாரை வரவழைத்து, உம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த ஒரு மனிதரை எங்கே குடிவைத்தால் கடிபட்டவர் உயிரோடு வந்து சேர்வார் என்பதே அது. அதில் உவமை இல்லை, உள்ளுறை இல்லை, அகராதி புரட்ட வேண்டிய சொல் ஒன்றும் இல்லை.

நீர் எண்ணத் தொடங்கினீர். வீடுகள் எண்ணப்பட்டன. தலைகள் எண்ணப்பட்டன. மாடுகளும் ஏனோ எண்ணப்பட்டன. பின்னர் தேக்குப் பலகையொன்றில் ஏழூரின் படம் தீட்டி, ஊருக்கொரு துளையிட்டு, துளைக்கொரு நூல் விட்டு, ஊரின் தலைக்கட்டுக்கு ஏற்ற எடைக்கல்லை நூல்தோறும் தொங்கவிட்டு, ஏழு நூலையும் மேலே ஒரே முடிச்சாகப் போட்டீர். கற்கள் இழுக்க இழுக்க முடிச்சு நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. அனைவரின் நடையையும் கூட்டினால் மிகக் குறைவாக வரும் இடம் அதுவே என்றீர். அந்தப் பலகையை அரசியார் தாமே மூன்று முறை அசைத்துப் பார்த்தார். முடிச்சு ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கே வந்தது. அதைக் கண்டு அவர் வியந்தது உண்மை. அந்த வியப்பை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறார் என்றும் எழுதச் சொன்னார்.

ஏனெனில் முடிச்சு நின்ற இடத்தில் பலகை நீலமாக இருந்தது. அந்த நீலம் பேரேரி என்று ஏழூரில் பால்குடி மறந்த எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும்.

முடிச்சைக் குற்றம் சொல்வதற்கில்லை. நூலைப் பிடித்துக்கொண்டு நீர்மேல் நடப்பவர்க்கு அதைவிட நல்ல இடம் இந்நாட்டில் கிடையாது. ஆனால் நீர் செய்தது என்ன? கேள்வியைத் திரும்பக் கேட்டிருக்கலாம். பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கரைமேல் ஒருமுறை நடந்திருக்கலாம். இரண்டும் உம் பட்டங்களுக்குத் தகாதவை. ஆதலால் நெடிய மூங்கிலில் அரசுக்கொடி கட்டி ஏரி நடுவே நட்டீர். விஷவைத்தியர் இருப்பிடம் ஏழூர் நடுவே, கொடி பறக்கும் இடத்தில் என்று ஊர்தோறும் தமுக்கடிக்கச் செய்தீர். ஏரியை வடித்துவிட்டு அங்கே கல்மண்டபம் எழுப்ப ஆணை வேண்டும் என்ற வரியை, மாட்டுத்தொகைக்குக் கீழே, எவரும் படிக்காத இடத்தில் செருகி அரண்மனைக்கு அனுப்பினீர். வைத்தியரை, மண்டபம் எழும்வரை இருக்கட்டும் என்று, உம் விடுதியில் வைத்துக்கொண்டீர்.

அதன்பின் வந்தது உம் வெற்றி ஓலை. கொடி நட்ட நாள் முதல் வைத்தியரை வந்தடைந்தவருள் ஒருவர்கூட மாளவில்லை என்றும், இத்தகைய சிறப்பு எந்நாட்டு வரலாற்றிலும் இல்லை என்றும், ஆகவே உயிர்காத்த பெருமாள் என்னும் பட்டம் உமக்குப் பொருந்தும் என்றும் எழுதியிருந்தீர். ஒருவரும் வந்தடையவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. அதை எழுதினால் கணக்கு அசிங்கப்படும் அல்லவா.

அந்தப் பட்டம் சூட்டும் நாளில்தான் நெடுங்கரையைச் சேர்ந்த சாத்தி என்பவள், ஏரியிலிருந்து பிடுங்கிய அதே மூங்கிலைக் கொடியோடு தோளில் சுமந்து அரண்மனை வாயிலுக்கு வந்தாள். அரசுக்கொடியை அவமதித்தாள் என்று காவலர் மறித்தனர். அரசியார் உள்ளே விடச் சொன்னார். அவள் சொன்னதை ஓலைநடைக்குத் திருத்தாதே, விழுந்தபடியே எழுது என்று எழுதுவோனுக்குக் கட்டளை:

"ஏம்மா, இது உங்க கொடிதானே? இதுக்குப் பக்கத்துல வைத்தியரு இருப்பாருன்னு தமுக்கடிச்சாங்க. எம் புருஷன் தாமனைக் கதிரறுக்கையில கடிச்சிருச்சு. பரிசல்ல போட்டுத் தள்ளிக்கிட்டுப் போனோம். கொடி இருந்துச்சு. சுத்தித் தண்ணி. தண்ணியைப் பார்த்து யாராச்சும் வைத்தியரேன்னு கூப்பிடுவாங்களா? நாங்க கூப்பிட்டோம். அவரு கண்ணு சொருகறப்போ கேட்டாரு, வந்துட்டமான்னு. வந்துட்டோம்னேன். நான் ஒண்ணும் பொய் சொல்லலையே. வந்துதானே இருந்தோம்."

கீரனாரே, வந்தடைந்தவருள் ஒருவர்கூட மாளவில்லை என்றீரே. அவன் வந்தடைந்தான்.

அரசியார் உம் பக்கம் திரும்பி விளக்கம் கேட்டார். நீர் எழுந்தீர். பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டீர். தேவி, பிழை கணக்கில் இல்லை, ஏரியில் இருக்கிறது என்றீர். ஏரியை அகற்றிவிட்டால் கணக்கு அப்பழுக்கின்றி நிற்கும் என்றீர். பெருந்தொகையின் முன்னே ஓருயிர் என்பது தூசு, தூசுக்காக முடிவை மாற்றுவது கணிதத்துக்கே இழுக்கு என்றீர். அப்போது சாத்தி பக்கத்தில் நின்ற காவலனிடம், "தூசுன்னா யாரைச் சொல்றாரு?" என்று கேட்டாள். அரசியார் உமக்குச் சூட்ட எடுத்த மாலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனதை நீர் களைப்பு என்று எண்ணிக்கொண்டதாகக் கேள்வி. களைப்பு அல்ல. இன்னும் சற்று நேரம் அங்கே இருந்திருந்தால் அரசியார் தம் குலத்துக்குத் தகாத ஒன்றைத் தம் கையாலேயே செய்திருப்பார்.

அன்றே விடுதியின் கதவைத் திறந்து வைத்தியரை அழைத்துக்கொண்டு, சாத்தி வழிகாட்ட, அரசியார் ஏரிக்கு வந்தார். வந்தபோது கண்டது என்ன தெரியுமா? உம் தங்கை மகனும் எண்ணவைக் கணக்கனுமாகிய மாசாத்தன், நாற்பது மண்வெட்டிகளோடு மதகை உடைக்கத் தொடங்கியிருந்தான். ஆணை வரும் என்ற நம்பிக்கையில் ஆணைக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டானாம். அடுத்த போகத்துக்கு ஏழூரும் குடிக்கவும் பாய்ச்சவும் வைத்திருந்த நீர், ஒரு முடிச்சின் மானத்தைக் காப்பாற்ற ஓடையில் போய்க்கொண்டிருந்தது. அரசியார் தாமே இறங்கி முதல் கூடை மண்ணை மதகில் கொட்டினார். காலில் உள்ள சேறு அந்தச் சேறுதான்.

மதகு அடைபட்டபின் மாசாத்தனை என்ன செய்வது என்று கேட்டனர். அரசியாருக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. அவனைக் கட்டிலில் கிடத்துங்கள் என்றார். ஒவ்வோர் ஊரின் வயலிலிருந்தும், பாம்பு கடித்தவனைத் தூக்குவதுபோல, ஓட்டமும் நடையுமாக அவனைத் தூக்கிக் கரைநெடுகச் சுற்றி வந்தார்கள். நீர் சொட்டும் நாழிகை வட்டில் ஒன்று கூடவே வந்தது. பால்சோறு வஞ்சனை செய்யாத உடம்பு, நல்ல கனம். "மெதுவா போங்கய்யா, இடுப்பு கழண்டுரும்" என்று அவன் கதறியதும், "கடிபட்டவன் பேச மாட்டான், சும்மா கெட" என்று தூக்குவோர் அதட்டியதும், எதிரே வந்த கிழவர் ஒருவர் "யாருப்பா பாவம், எந்தப் பாம்பு?" என்று கேட்க, "இது கணக்குப் பாம்பு கடிச்சது தாத்தா, விஷம் தலைக்கேறிருச்சு" என்று மறுமொழி வந்ததும், நாட்டுக்குப் பயனுள்ள செய்திகள் என்பதால் பதிவு செய்யப்படுகின்றன.

அந்தச் சுற்றில் பலகை சொல்லாத இரண்டு தெரிந்தன. கரைமேல் போகிறவன் கால் கலிங்கில் நின்றுவிடுகிறது. ஏரி நிரம்பி வழியும் அவ்விடத்தில் இடுப்பளவு நீர். கட்டிலோடு கடக்க ஒரு வட்டில் முழுதும் வடிந்துபோகிறது. உம் நூலுக்கோ கால் நனையாது. அடுத்தது, பாம்பு வீட்டில் கடிப்பதில்லை. ஏழூரிலும் விசாரித்ததில் கடிபட்டவருள் பெரும்பாலோர் கீழைக்கரை வயல்களில் கடிபட்டவர். அங்கே வீடுகள் குறைவு. ஆகையால் அந்தத் துளையில் நீர் தொங்கவிட்ட கல்லும் சிறியது. சாவு எங்கே அதிகமோ அங்கே உம் எடை குறைவு.

ஆகவே அரசியார் கேள்வியையே மீண்டும் எடுத்தார். எல்லோருடைய நடையையும் கூட்டிக் குறைப்பதல்ல இங்கே காரியம். மற்ற அனைவரும் வந்து சேர்ந்தபின்னும் வழியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பானே ஒருவன், அவன் வழியைக் குறைப்பதே காரியம். அப்படிப் பார்த்ததில் கலிங்கின் கீழ்ப்புறத்து மேடு கிடைத்தது. மாசாத்தனின் இடுப்பும் அதையே உறுதி செய்கிறது. அந்த மேட்டில்தான் இந்தப் பந்தல்.

இந்த இடம் பிழையாகவும் இருக்கலாம். அதனால்தான் கல்லால் கட்டவில்லை, பனையோலை வேய்ந்திருக்கிறது. அறுவடை முடிந்ததும் மறுபடியும் எண்ணப்படும். வந்து பிழைத்தவர் பின்பு. வராமல் மாண்டவர் முதலில். வேறிடம் நல்லது என்று தெரிந்தால் ஒரே பொழுதில் பந்தலைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். எந்தக் கணக்கரின் மானத்துக்காகவும் அது அங்கே நிற்காது.

இனி ஆணைகள். கலிங்கின் குறுக்கே உடனே மரப்பாலம் இடுக. அதற்கான தேக்கு உம் மாளிகை முன்றிலில் கிடக்கிறது. பேரேரி மதகில் மண்வெட்டி வைப்பவன் எவனாயினும், எவருடைய மருமகனாயினும், அந்த மண்வெட்டியோடு ஏழூர் வாய்க்கால் முழுதும் தூர்வாருக. தாமனின் வயலைச் சாத்திக்கு அரசு அறுத்துக் கொடுக்கும். கொடியை அவள் திருப்பித் தரவில்லை. கேட்கவும் கூடாது.

மூங்கில் மட்டும் திரும்பி வந்தது. அது பழைய இடத்திலேயே மீண்டும் நடப்பட்டுள்ளது. அதில் ஒரு பரிசல் கட்டப்பட்டுள்ளது. ஏழூருக்கும் உகந்த இடம் அதுவே என்று நிறுவியவர் நீர்; அரசியார் உம் கணக்கை மதிக்கிறார். ஆதலால் எண்ணவை முதல்வர் இந்த அறுவடை முடியும்வரை அந்த இடத்திலேயே அவை நடத்துக. பலகையையும் நூலையும் உடன் கொண்டு செல்லலாம். சால்வை நனையும்.

இது காலையில் கிடைத்தால் மாலைக்குள் நடக்க. கீழைக்கரைச் சேற்றில் அழுத்திய அரசியாரின் முத்திரை இதற்குச் சான்று. அரக்கு வர நேரமாகும் என்றார். கண்டு ஒப்பமிட்டவள் சாத்தி, பெருவிரல் ரேகையால்.

சேந்தா, பசித்தால் பரிசலில் எழுந்து நின்று கூப்பிடு. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி எழுது.