நூற்றாண்டு மலருக்குக் கொடுத்த படம்

என் தொப்பைக்காரருக்கு,

அந்த ஊற்று ஊரில் மூன்று வாரமாக வைத்தியத் தண்ணீர் குடித்தும் தொப்பை கரைந்திருக்காது, எனக்குத் தெரியும்.

கம்பெனியின் நூற்றாண்டு மலருக்கு, ஹிட்லர் யுத்த காலத்தில் கம்பெனியின் சாய ஆலை வாசலில் நீங்கள் நிற்கும் படத்தைப் பெருமையாகக் கொடுத்தேனா, இன்று உங்கள் ஆபீஸில் மலர் வேலை பார்க்கும் வெண்டெல் வேர்த்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஏன், என் வீட்டுக்காரர் அவ்வளவு அசிங்கமாவா இருக்கார்?"

அவர் சிரிக்கவில்லை. "கைதி முகாம்ல வேலை பார்த்தவங்க மேல ஃபிராங்க்ஃபர்ட்ல கேஸ் நடக்குது. உடனே எரிச்சிடுங்கம்மா."

அப்புறம்தான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். உங்களுக்குப் பின்னால் கோடு போட்ட உடுப்பில் முகாம் கைதிகள், எலும்பும் தோலுமாக. ஒருவன் தரையில் கிடக்கிறான். யுத்தம் முழுக்கச் சாயப் பீப்பாய்க்குச் சீட்டு ஒட்டினேன் என்றீர்களே, கையில் தடி எதற்கு?

அடுப்பு எரிகிறது. படம் மாவு டப்பாவில் இருக்கிறது. நீங்கள் வந்து சொல்லும்வரை எரிக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திரும்பி வரும்போது, கதவில் உங்கள் சாவிச் சத்தம் கேட்டு நடுங்கிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.

உங்களைக் கிண்டல் செய்தே பழகியவள்