இரண்டு மாத்திரை

ஐயம்பேட்டையில் தாய்வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

உன் கையில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? அதை முறித்தவன் நான்; அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ போன பிறகு டாக்டர் இரண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார். முதல் மாத்திரையில் காதுக்குள் பேசிய அத்தனை குரலும் நின்றது. ஆனால் கை நடுங்கி, தொட்ட இழையெல்லாம் அறுந்தது. இப்போது சாப்பிடும் மாத்திரையில் தூக்கம் தள்ளுகிறது, தொப்பை போட்டுவிட்டது. கை மட்டும் ஆடுவதில்லை.

கரையைத் தனி நூலால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும்; தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் நாடாவை எறிய யாரும் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒற்றை ஆளாக, தனிக்கரை இல்லாத சேலைதான் நெய்கிறேன். அப்படியும் உன் பக்கத்திலிருந்து நாடா வருமென்று பாதியில் நிறுத்திவிடுகிறேன். “இன்னா பாத்துக்கினு இருக்கீங்க, போடுங்க” என்று காதுக்குள் உன் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

நேற்று டாக்டர், “குரல் எதுனா கேக்குதாபா?” என்றார்.

“இல்ல சார், இந்த மாத்திரையே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன்.

நீ வந்து உட்கார்ந்தால் அன்றைக்கே அந்த முதல் மாத்திரைக்கு மாறிவிடுகிறேன். கை நடுங்கினால் நடுங்கட்டும்.

இப்படிக்கு,
தறியில் உன் பக்கத்து ஆள்