நாரத்தங்காய் போன தூரம்

ஜூலை 18, வெள்ளி, இரவு 11.20. ஒரே சொல், ஆறு மொழிகள்.

ஒத்தக்கடை ஆலையில் புது மெஷினை ஓட்டிக் காட்ட வந்த ஸ்பெயின்காரன் பாப்லோவுக்கு வயிற்றுப்போக்கு. ஊருக்கே போகிறேன் என்கிறான். போனால் மெஷின் ஓடாது, அவனைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கும் என் வேலையும் நிலைக்காது.

கேன்டீன் மாரியக்கா கஞ்சியும் உப்பு நாரத்தங்காயும் கொடுத்தார். ஊறுகாயின் பெயரைக் கேட்டான். சொன்னதும் எழுந்து உட்கார்ந்தான். அவன் ஊரில் ஆரஞ்சுக்கு ‘நராங்ஹா’வாம்.

தேடினேன். தென்னாட்டுச் சொல் சமஸ்கிருதம், பாரசீகம், அரபு வழியாக ஸ்பெயின் போயிருக்கிறது என்கிறார்கள். ஆங்கிலத்து ஆரஞ்சும் அதுவேதான். நம்முடையதை நாமே திரும்ப வாங்கியிருக்கிறோம். ஓடிப்போய் மாரியக்காவிடம் சொன்னேன்.

“அப்ப நம்ம சனந்தான். கொஞ்சம் வெளுத்துட்டாக, அம்புட்டுத்தேன்,” என்றார் அக்கா.

நாளை:
1. ஆறு மணிக்கே போய் அவன் உடம்பைப் பார்க்க வேண்டும்.
2. தேறவில்லை என்றால் டிக்கெட்டை நானே போட்டுக் கொடுப்பேன்.
3. மெஷின் பேச்சை எடுக்கும் முன், இஞ்சிக்கு அவன் ஊரில் என்ன பெயர் என்று கேட்க வேண்டும். அதுவும் இங்கிருந்து போன சொல்தானாம்.