வெள்ளோட்டம் போய் வந்த விவரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உன் மகள் வாண்டுவும் சுகமாக இருக்கிறோம், அங்கே உன் இடுப்பு வலி தணிந்து நீயும் நன்றாக இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டே தொடங்குகிறேன். தொலைபேசியில் சொல்லக்கூடியதை இவர் ஏன் தபாலில் அனுப்புகிறார் என்று நினைப்பாய். பேசினால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், எனக்கு வரிசை குழம்பிவிடும். எழுதினால் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசி வரைக்கும் பொறுமையாகப் படி, நடுவில் நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிடாதே. அவளுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

உன் மகளுக்கு மூன்று கல்லூரிகளையும் காட்ட வேண்டும், வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் போகும் வழியில் நாலு இடம் சுற்றிக் காட்ட வேண்டும், நல்ல சாப்பாடாகப் பார்த்து வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய். மூன்று நாள் உட்கார்ந்து நோட்டில் திட்டம் எழுதினேன். அடுத்த மாதம் பதின்மூன்றாம் தேதி காலை புறப்பாடு, பதினான்காம் தேதி மாலை ஏரி, அதோடு திரும்புவது. நானோ முப்பத்தோரு வருடம் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டவன். ஒரு தடவை போய்ப் பார்க்காத வழிக்கு நேரம் குறித்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் போன செவ்வாய், புதன் இரண்டு நாளும் உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு வெள்ளோட்டம் போனேன். அவரும் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாளே மண்டபம் வரைக்கும் நடந்து பார்த்து நிமிஷம் குறித்த ஆளாச்சே அத்தான் நீங்க என்று வழியெல்லாம் கேலி.

முதல் கல்லூரி நன்றாக இருக்கிறது. மரங்கள் அதிகம், விடுதிக் குளியலறையைக்கூட எட்டிப் பார்த்தேன், சுத்தம். ஆனால் வாசல் காவலாளி எங்களைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொல்லி, போன வாரம் பார்த்தது போதவில்லையா ஐயா, பாப்பா எங்கே என்று கேட்டார். நான் வந்ததே இல்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், என் கடைக்கு வரச் சொல்லுங்கள் என்றார் மாமா. அங்கிருந்து நான் குறித்து வைத்திருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். உட்கார்ந்ததும் பரிமாறுகிற அம்மாள் எதுவும் கேட்காமலே எனக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். பேத்திக்குக் காரம் ஆகாது என்று சொன்னீர்களே, இன்றைக்கு மீனில் காரம் குறைவுதான், கூட்டி வந்திருக்கலாமே என்றார். வறுத்த மீன் அருமையாக இருந்தது என்று மாமா சொன்னார். எனக்கு இறங்கவில்லை.

அதற்கு முந்தின வாரம் நான் எங்கே இருந்தேன் என்பதற்கு நீயே சாட்சி. பல் பிடுங்கிக் கன்னம் வீங்கிக் கிடந்தேன், தினமும் மாலை நீ கூப்பிட்டு விசாரித்தாய். வாண்டு பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் என்னை நான் நம்புகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியுமே. வண்டியின் கிலோமீட்டரை ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்கிறேன் அல்லவா, அதை எடுத்துச் சரிபார்த்தேன். ஒரு கிலோமீட்டர்கூடக் கூடியிருக்கவில்லை.

மறுநாள் காலை இரண்டாவது கல்லூரி. அதற்கு எதிரே பழைய கடிகாரக் கோபுரம் இருக்கிறது, மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும் என்று திட்டத்தில் சேர்த்திருந்தேன். கீழே பார்வையாளர் பதிவேடு இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன், மேலே ஐந்தாவது வரியில் என் கையெழுத்து. என் முழுப் பெயர், உடன் வந்தவர் பேத்தி, குறிப்பு என்ற இடத்தில் ‘படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை, குழந்தைகள் கவனம்’ என்று என் எழுத்திலேயே. அப்படி எழுதக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் அம்மா. தேதி, அடுத்த மாதம் பதினான்கு. அந்தத் தேதியில் கோபுரம் ஏறப்போவதை அதுவரை நோட்டைத் தவிர யாருக்கும் நான் சொல்லவில்லை. மாசத்தைத் தப்பாப் போட்டிருக்கீங்கன்னு அன்னைக்கே சொன்னேன் ஐயா, நீங்கதான் சரியாத்தான் இருக்குன்னு பிடிவாதமாச் சொல்லிட்டுப் போனீங்க என்றார் பதிவேட்டுக்காரர். மாமா அதை இரண்டு கண்ணாடி மாற்றிப் பார்த்தார். மேலே ஏறிப் பார்த்தேன். கைப்பிடி இல்லைதான்.

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் மூன்றாவது கல்லூரிதான் வாண்டு உயிரை விடுகிற கல்லூரி, நீரியல் படிப்பு அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் எப்படி வருவது. பார்த்தோம். நல்ல ஆசிரியர்கள், பேச்சிலேயே தெரிந்தது. அதற்குப் பின்னால்தான் ஏரி. படகுத் துறையில் ஒரு பெண் துடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “பேத்தி கெடைச்சுதா ஐயா?” என்றாள்.

நான் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மாமாதான் அவளிடம் கேட்டார். போன வாரம் நான் வந்தேனாம். படகுச் சீட்டு கொடுக்கும் இடம் துறைக் கட்டடத்தின் அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே போனேனாம். திரும்பி வந்தபோது படியில் பிள்ளை இல்லையாம். பத்து நிமிஷந்தான், படியில உக்கார வச்சிட்டுப் போனேன், பத்து நிமிஷந்தான் என்று எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னேனாம். இருட்டும் வரைக்கும் ஏரியைச் சுற்றிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம், பிறகு எந்தப் பக்கம் போனேன் என்று யாரும் பார்க்கவில்லையாம். அவள் பேசப் பேச நான் நோட்டைத் திறந்தேன். பதினான்காம் தேதிப் பக்கம், மாலை நாலு பத்துக்கு நேரே, ‘வாண்டு படியில் இளைப்பாறட்டும், நான் சீட்டு வாங்கி வர 10 நிமிடம்’ என்று எழுதியிருந்தேன். அந்த வரியை நான்தான் எழுதினேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரும்பும்போது மாமாதான் வண்டி ஓட்டினார். கேலி ஒன்றும் இல்லை. நம் தெருவுக்குள் திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டு, “அத்தான், கோவிச்சுக்காதீங்க. நீங்க வர வேணாம்” என்றார். முதலில் கோபமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், எல்லா இடத்திலும் அவளோடு வந்தது நான்தானே. பயணத்தையே தள்ளிப் போடலாம் என்று வாண்டுவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கல்லூரியில் நேரில் வரச் சொல்லியிருப்பது பதினான்காம் தேதி ஒரே நாள்தான், கூட்டிட்டுப் போகலன்னா பஸ் ஏறிப் போயிடுவேன் தாத்தா என்றாள். போகக்கூடியவள்தான், உன் மகள் ஆயிற்றே. நரம்பு டாக்டரிடமும் போய் வந்தேன். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன். என் வயதில் இது போதும் என்று அனுப்பிவிட்டார்.

அதனால் மாமாவும் உன் அம்மாவும் அழைத்துப் போகிறார்கள். முதல் நாள் அந்த மீன் கடைக்கே போகட்டும், காரம் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். கோபுரம் வேண்டாம், அதன் எதிர்த் தெருவில் ஒரு ரொட்டிக்கடை, சூப்பும் தருகிறார்கள், ஜன்னல் ஓரம் நல்ல வெளிச்சம். கல்லூரியில் வேலை முடிந்ததும் ஏரிப் பக்கம் திரும்பாமல் நேரே பெரிய சாலைக்கு வந்துவிட வேண்டும். மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். என் நோட்டை அவரிடம் கொடுக்கவில்லை, புதிதாக அவரே எழுதிக்கொண்டார், எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறியது போல இருக்கிறது, எனக்கு அதுவே நிம்மதி.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பதினான்காம் தேதி நம் ஊர் நேரம் நாலு மணிக்கு வீட்டுத் தொலைபேசியில் என்னைக் கூப்பிடு, கம்பி போட்ட பழைய தொலைபேசியில், அதைப் பிடித்துக்கொண்டு நான் எங்கும் போக முடியாது. அது உனக்கு வேலை நேரம் என்று தெரியும், விடுப்புக் கேள். இங்கே இருட்டும் வரைக்கும் வைக்காதே. பேச விஷயம் இல்லாமல் போனால் அப்பா என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இரு. சுவர், நாற்காலி, அலமாரி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். தண்ணீர் என்றோ படி என்றோ நான் சொல்லிவிட்டால் என்னிடம் காரணம் கேட்காதே. என்னை அப்படியே விட்டுவிட்டு மாமாவைக் கூப்பிட்டு வாண்டுவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, குனிந்து கனம் தூக்காதே. நீயும் உன் பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். நாலு மணி, மறந்துவிடாதே.

உன் நலமே நினைக்கும்
அப்பா