முதல் உருண்டை மாதப்பனுக்கு

ஜூன் 4
கரடி கெம்பியின் பாதம் நடந்து நடந்தே மறுபடியும் கிழிந்திருக்கிறது. தெருவில் கரடியாட்டம் நடத்தியவர்களிடமிருந்து மீட்டு வந்த நாள் முதல் அதே சுவரோரம், அதே நடை, திரும்பும் இடத்தில் தலையை ஓர் உலுக்கு. இன்று அந்த நடையை நிறுத்த மாத்திரை தொடங்கினேன். அவளுக்கு ராகிக்களி கிண்டும் ஹொன்னம்மாவிடம், "மறந்திடப் போறீங்க, முதல் உருண்டையிலேயே வெச்சிடுங்க" என்றேன். தலையாட்டினாள்.

ஜூன் 29
நடை நிற்கவில்லை. இந்த மருந்து பிடிக்க வாரக்கணக்கில் ஆகும், பொறு என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். காவல் நாய் பூதன்தான் ஏனோ தபால்காரரைப் பார்த்தும் குரைக்காமல் படுத்துக்கிடக்கிறான். வயதாகிறது போல.

ஜூலை 17
எங்கள் காப்பகத் தலைவர் ஹெக்டே வந்தார். சதை தெரியும் பாதத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆகஸ்ட் முடியட்டும் டாக்டர். அப்பவும் இப்படியேன்னா ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வெச்சிடலாம். பாவம், எத்தனை நாள் வதைக்கிறது?" மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். வேறென்ன செய்ய?

ஜூலை 20
ஐயோ. காலையில் பூதனுக்கு உதறல், வாயெல்லாம் எச்சில். விஷமா? என்ன தின்றான் என்று கத்தினேன்.
"வேறென்னத்த திங்கும்? மாதப்பன் சாமி கல்லுல வெக்கிற உருண்டையத்தான்" என்றாள் ஹொன்னம்மா.
"எந்த உருண்டை?"
"முதல் உருண்டை. சாமிக்கு வெக்காம கரடிக்கு வெப்பாங்களா டாக்டரம்மா?"
"மாத்திரை?"
"அதுலதானே வெக்கச் சொன்னீங்க! சாமிக்குப் படைச்சா கெம்பிக்குக் குணமாகும்னு வேண்டுதலாக்கும்னு நெனச்சேன்."
சிரிப்பதா, அழுவதா? ஒரு மாத்திரைகூட கெம்பி வாய்க்குப் போகல. பலிக்காத மருந்துன்னு சொல்லி நானே ஊசி போட்டிருப்பேனே — யாரைத் திட்ட? அவளையா, என் வாயையா?

ஜூலை 22
பூதன் பிழைத்துக்கொண்டான். இனி கெம்பிக்கு மாத்திரை இரண்டாவது உருண்டையில், பழைய அளவு, என் கண்ணெதிரே.

ஆகஸ்ட் 15
இன்னும் நடக்கிறாள். எனக்குத் தூக்கமில்லை.

ஆகஸ்ட் 27
விடிந்ததும் காலடிச் சத்தம் இல்லை. போயிட்டாளா? ஓடினேன். அடைப்பின் மறுகோடியில், இத்தனை காலம் ஏறிட்டும் பாராத கறையான் புற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். மூக்கு நிறைய மண்.

"டாக்டரம்மா, சுவரு சும்மா கிடக்குது!" என்று வாயில் கைவைத்து நின்றாள் ஹொன்னம்மா. பின்னாலேயே வந்த பூதன், என்ன நினைத்தானோ, உரக்கக் குரைத்தான். எப்போதும் அந்தச் சத்தத்துக்கே சுவரைப் பார்த்து ஓடுகிறவள் இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.