சிவப்பு எதற்கு, வெள்ளை எதற்கு

ஆடி 9, வியாழன்

காலையிலிருந்தே பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட துண்டு எதிர்வீட்டு முருங்கை மரத்தில்.

வாங்க: உளுந்து, ரப்பர் பேண்ட், கயலுக்கு சாக்ஸ் 2 ஜோடி (பழையதில் கட்டைவிரல் வெளியே).

ஆபீசுக்கு இருபது நிமிஷம் லேட். கயலை மைதானத்தில் விடப்போனால், வாலிபால் மாஸ்டர் வண்டியையே மறித்துவிட்டார்.

"மேடம், உங்க பொண்ணுக்குக் கை நல்லா இருக்கு. ஆனா ஒரு நாள் இங்க, ஒரு நாள் ஓட்டம்னா சரிப்படாது. டீம்ல ஒரே ஒரு எடம்தான் இருக்கு. வாலிபால் மட்டும்னா அவளுக்கே. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க."

கயலுக்குப் பன்னிரண்டு வயது. நேற்று சாயங்காலம் வரை அவளுக்குப் பசி மட்டும்தான் பிரச்சினை.

ஆடி 10, வெள்ளி

வெயில். உளுந்து வாங்கியாச்சு, சாக்ஸ் மறந்தேன்.

இவரிடம் சொன்னேன். ஓட்டம்தான் என்று ஒரே பிடி. பள்ளியில் நானூறு மீட்டரில் இரண்டாவது வந்தாராம். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். அந்த முதலாவது வந்தவன் யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

எனக்கு வாலிபால். உயரம் கம்மி என்று என்னைப் பள்ளி டீமில் சேர்க்கவில்லை. இவளுக்கு என்னைவிட இப்போதே நாலு விரற்கடை ஜாஸ்தி. எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஆசை ஆசைதான்.

பள்ளி பி.டி. டீச்சருக்கு போன் போட்டேன். "ஏழாவதுதானேங்க படிக்கிறா? தெனமும் ஒரே கையால அடிச்சா தோள்பட்டை என்னாத்துக்கு ஆகும்? எல்லாத்தையும் ஆடட்டும், ஒம்பதாவதுல பாத்துக்கலாம்" என்றார். அதுவரை அந்த இடம் காத்திருக்குமா? மாஸ்டர் அதற்குள் நாலு டீம் போட்டுவிடுவார்.

ஆடியில் முடிவெடுக்க வேண்டாம் என்று ஒரு சாக்கு சொல்லிப் பார்த்தேன். "மாஸ்டருக்கு ஆடி, ஆவணி எல்லாம் ஒண்ணுதான் சுமதி, நாளைக்குப் பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றார் இவர்.

ஆடி 11, சனி

கிரிவலப் பாதையில் உள்ள சின்னப் பிள்ளையார் கோயில். கூட்டமில்லை. சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி வாழையிலையில். குருக்கள் பிள்ளையார் காலடியில் வைத்து, தீபாராதனை காட்டி, தட்டைக் குலுக்கி நீட்டினார். மூன்று பேரும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டோம். கயல் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

"அப்பாடா, வாலிபால்!" என்றேன்.

"என்னாது? சிவப்பு ஓட்டம்!" என்றார் இவர்.

"நேத்தே சொன்னனேங்க, வெள்ளை ஓட்டம்னு."

"எப்ப சொன்ன?"

"நீங்க டிவி பாக்கும்போது."

குருக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். மறுபடி போடச் சொன்னதற்கு, "ஒரே கேள்விய சாமிகிட்ட ரெண்டு தடவ கேக்கக் கூடாதும்மா, நீங்களே பேசி முடிச்சிக்குங்க" என்று விபூதியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வண்டியில் மூன்று பேர். நடுவில் கயல். இவரும் நானும் அவள் தலைக்கு மேலே சண்டை. அடி அண்ணாமலை தாண்டும்போது கயல் சொன்னாள்:

"நான் சிவப்புன்னா கோ-கோன்னு நெனச்சிட்டேன்."

இவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

கோ-கோ எங்கள் கணக்கிலேயே இல்லை. அதற்கு மாஸ்டர் கிடையாது, டீம் கிடையாது. பள்ளி விட்டதும் பிள்ளைகளாகச் சேர்ந்து ஆடுவது.

"அப்ப வாலிபால் வேணாமாடி?"

"வேணும்மா. ஓட்டமும் வேணும். நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேக்கவே இல்லியே."

கரும்பு ஜூஸ் மூன்று.

ஆடி 12, ஞாயிறு

மாவு அரைத்தாச்சு. துண்டு இன்னும் மரத்தில்.

மாஸ்டருக்கு நானே போன் செய்தேன். "ஒம்பதாவது வரட்டும் மாஸ்டர். அதுவரைக்கும் எல்லாத்தையும் ஆடட்டும்."

"எடத்த வேற புள்ளைக்குக் குடுத்துடுவேங்க."

"குடுங்க மாஸ்டர்."

கயலிடம் சொன்னேன். பத்து நிமிஷம் அழுதாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று நினைத்தேன். பிறகு எழுந்து முகம் கழுவி ஆறு தோசை தின்றாள். மாஸ்டரிடமிருந்து மெசேஜ்: செவ்வாய், வியாழன் மட்டும் பயிற்சிக்கு அனுப்புங்கள், டீம் பற்றிப் பிறகு பார்ப்போம். இவருக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம், மற்ற நாளெல்லாம் ஓட்டமாம்.

ஆடி 13, திங்கள்

மேகமூட்டம். காலையில் பள்ளிக்குப் போகும் வழியிலேயே சாக்ஸ் வாங்கிப் போட்டுவிட்டாச்சு.

ஆபீஸிலிருந்து நேரே பள்ளி மைதானம். முதல் தடவையாக கோ-கோ பார்த்தேன். எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கயல் நாலாவது. ஓடிவருகிறவள் முதுகில் தட்டி "கோ!" என்றதும்தான் எழுந்து துரத்த வேண்டும். புதிய சாக்ஸைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள், வெறுங்கால்தான் வசதியாம்.

பக்கத்தில் நின்ற பி.டி. டீச்சரைக் கேட்டேன், "தட்டறதுக்கு முன்னாடியே எழுந்துட்டா?"

"ஃபவுலுங்க."

எங்கள் வீட்டில் ஃபவுல் பண்ணியது நானும் இவரும். வீட்டுக்குப் போனதும் இவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் கயல் முதுகில் யாரோ தட்டிவிட்டார்கள், எழுந்து ஓடினாள்.