தனியாகத் துவைக்கவும்

அன்பும் அதட்டலும் சம அளவில் கலந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம், நீ நலமா? கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நம் வீட்டு வாஷிங்மெஷின் மூன்று வெள்ளைச் சட்டைகளை வாங்கிக்கொண்டு, ஆறே முக்காலுக்கு மூன்று ரோஸ் நிறச் சட்டைகளைத் திருப்பித் தந்தது. காயமடைந்த மற்றவர்கள்: அப்பாவின் கைக்குட்டை இரண்டு, என் பள்ளிக்கூடக் காலுறை ஒரு ஜோடி. குற்றவாளி அதே தொட்டிக்குள் கையும் களவுமாகப் பிடிபட்டான். என் பிறந்தநாளுக்கு நீ தைத்து அனுப்பினாயே, அந்தச் சிவப்புப் பனியன்தான். உன் தையலில் ஒரு குறையும் இல்லை, கோபப்படாதே. சாயத்துக்குத்தான் வாய் நீளம். போன இடத்திலெல்லாம் உளறி வைத்துவிட்டது.

மூன்று சட்டை நிறம் மாறினால் குடியா முழுகிவிடும் என்று கேட்பாய். அவை அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீருடை. அதில் உனக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. அம்மா படுத்திருக்கும் வார்டில் பார்வையாளர்களுக்கு மாலை நாலிலிருந்து ஐந்து வரைதான் அனுமதி. ஒரு நிமிஷம் கூடினாலும் காவலாளி மணியை ஆட்டிவிடுவார். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரை யார் நிறுத்துவார்கள்? நோயாளியை எக்ஸ்ரே அறையில் விட்டுவிட்டுக் காலி ஸ்ட்ரெச்சரோடு திரும்பும் போதெல்லாம் அப்பா அம்மாவின் கட்டிலுக்கு ஒரு நடை போய்விடுவார். ஒரு நாளைக்குப் பத்து தடவை, தடவைக்கு இரண்டு நிமிஷம். தலையணையைத் திருப்பிப் போடுவார், ஈரத் துணியால் உதட்டை நனைப்பார், "நான் இங்கதான் சுத்திக்கிட்டிருக்கேன்" என்பார். அவ்வளவுதான் வைத்தியம். அம்மாவுக்கு அந்தப் பத்து தடவைதான் நாள் என்பதே. அந்த வார்டுக்குச் சாவி அந்த வெள்ளைச் சட்டை.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கொடியிலிருந்து சட்டையை எடுத்த அப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, இருப்பதில் வெளிறியதை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அரை மணியில் திரும்பிவிட்டார். மேற்பார்வையாளர் வாசலிலேயே மறித்து, "என்னய்யா, மாப்பிள்ளையாட்டம் வந்து நிக்கிற? போய் மாத்திட்டு வா" என்றாராம். மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? ஸ்டோரில் கேட்டதற்குப் புதுச் சட்டை அடுத்த வாரம்தான் என்றார்களாம். வெள்ளை இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வார்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் அக்கா, கதாநாயகன் நுழைகிறான். கைதட்டல் வேண்டாம், நான் கூச்ச சுபாவி. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, மூன்று சட்டையையும் சுருட்டிக்கொண்டு தெருமுனை இஸ்திரிக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஒரு சட்டையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, காய வச்சுட்டீங்களா? ஈரமாக் கொண்டாந்திருந்தா அரை மணி நேர வேலைடா. சாயம் விருந்தாளி மாதிரி. ஈரத்துல வாசல்லயே நிக்கும். காஞ்சுதுன்னா வீட்டுக்காரனாயிடும்" என்றார். யார் காயப்போட்டது என்று கேட்டார். அப்பா என்றேன். "உங்கப்பன் எந்த உலகத்துல இருக்கான்?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடையில் விற்கும் காட்டமான பிளீச் கூடாதாம். சட்டைப் பையில் நீல நூலில் ஆஸ்பத்திரி பெயர் தைத்திருக்கிறதே, அதையும் சேர்த்துத் தின்றுவிடுமாம். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது, சூடு பட்டால் சாயம் ஒட்டிக்கொள்ளுமாம். குளோரின் இல்லாத ஒரு வெளுப்புத் தூள் டப்பாவில் பாதியைக் கொடுத்தனுப்பினார். பச்சைத் தண்ணீரில் அலசு, தூளைக் கரைத்து முக்கி வை, தண்ணீர் ரோஸானதும் கொட்டு, மறுபடி முக்கு. இதுதான் மொத்த வேதமும்.

பெரிய வாளி, சின்ன வாளி, நீ குழந்தையாக இருந்தபோது குளித்த நீலத் தொட்டி, மூன்றும் குளியலறையில் அணிவகுத்தன. அப்பாவும் நானும் எதிரெதிரே குந்திக்கொண்டு அலசினோம். கழுத்துப்பட்டை மடிப்பில்தான் சாயம் பதுங்கியிருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நூல் நூலாகத் தேய்த்தேன். திங்கள் முழுக்கத் தண்ணீர் ரோஸ். செவ்வாய் இளம் ரோஸ். புதன் மதியம் வாளிக்குள் பார்த்தால் வாளியின் அடி தெரிந்தது. மொத்தம் பதினேழு தண்ணீர்! விரல் நுனியெல்லாம் சுருங்கி, கைரேகை பார்ப்பவர் எனக்குத் தொண்ணூறு வயது என்று சொல்லியிருப்பார். வியாழன் காலை அப்பா பால் மாதிரி வெள்ளையாக வேலைக்குப் போனார். இஸ்திரிக் கடைக்காரரே, "பரவால்லடா, வெளுத்து வாங்கிட்ட" என்றார். இந்த வீட்டின் மானத்தைக் காத்தவன் உன் தம்பி என்பதைப் பொன்னெழுத்தில் பொறித்துக்கொள்.

இனி அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது அதற்குத்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

திங்கள் காலையிலிருந்து அம்மா வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அவரு இன்னும் வரலையா?" என்று நர்ஸிடம் மூன்று தடவை கேட்டாளாம். பதினொரு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. நர்ஸ் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். போன் கட்டில் மேல் கிடந்தது. நாங்கள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தோம். நாலு மணிக்கு மற்ற பார்வையாளர்களோடு வரிசையில் நின்று உள்ளே போனபோது அம்மாவின் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து கண் திறக்கவில்லை. இப்போது அப்பா பழையபடி பத்து தடவை போகிறார். பதினைந்து தடவைகூடப் போகிறார். தலையணையைத் திருப்பிப் போடுகிறார். "நான் இங்கதான் இருக்கேன்" என்கிறார். அவள் கேட்ட அந்தக் கேள்விதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

உங்கள் தையல் ஆலை விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்தான் போன் தருகிறார்கள். நாளைக்கு நீ கூப்பிடுவாய். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா தூங்குறாம்மா, நீ மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்பார். உன் ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, நடுவில் உன்னைக் கலைக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. விடுமுறை முடிந்து உன் அறைத்தோழி திங்கட்கிழமை அங்கே திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் வார்டுக்குப் போனபோது அப்பா எனக்கு முன்பே அங்கே இருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. அம்மாவின் காதுக்குக் குனிந்து, "என்னாலதாம்மா. கண்ணு சரியா தெரியல. பாத்துப் போட்டிருந்தா அன்னிக்குக் காலையில உன் பக்கத்துல இருந்திருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளரிடமும் இதையே சொல்கிறார், இஸ்திரிக் கடைக்காரரிடமும் சொல்கிறார். நேற்றுக் கண் டாக்டரிடம்கூடப் போய்வந்தார். கண்ணில் புதிதாக ஒரு கோளாறும் இல்லை என்று அவர் சொல்லியும் நம்பவில்லை.

அக்கா, அப்பாவின் கண் நன்றாகத்தான் இருக்கிறது. பனியனை அவர் போடவில்லை. சோப்புத் தூள் எடுக்க அவர் சமையலறைக்குப் போனபோது நான்தான் சட்டைக்கு அடியில் சொருகினேன்.

அந்த ஞாயிறு மாலை அம்மாவிடம் காவலாளி மணியாட்டுவதை நடித்துக் காட்டினேன். நர்ஸ் நடப்பதை நடித்துக் காட்டினேன். முன்பெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாளே, அன்றைக்கு உதட்டின் ஒரு ஓரம்தான் அசைந்தது. மூன்று வாரமாகச் சிரிக்கவே இல்லை. அப்பா ரோஸ் சட்டையில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போய் நின்றால் அவளால் சிரிக்காமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். தொட்டிக்குள் ஒரு சட்டைதான் இருக்கிறது என்று நினைத்தேன். மூன்றும் இருந்தது தெரிந்ததும் அப்போதே சொல்லியிருக்கலாம். காலையில் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கும் ஆசையில், நானே பிழிந்து கொடியில் காயப்போட்டேன். சாயம் போகும் என்று தெரியாதா என்று கேட்காதே. பனியனோடு நீ வைத்து அனுப்பிய சீட்டு என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. "முதல் ரெண்டு தடவ தனியாகத் துவை, குரங்கே." அதைப் படித்த பிறகுதான் எனக்கு யோசனையே வந்தது.

பதினேழு தண்ணீர் மாற்றியது வீரமில்லை, அக்கா. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேறு வழி தெரியவில்லை.

அவரிடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் அவர் என் சுருங்கிப்போன கையைப் பிடித்துப் பார்த்து, "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டடா" என்றார். நீ பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன். நீ என்னை அடித்தாலும் சரி. ஒப்பந்தம் போனால் போகட்டும், எப்படியாவது கிளம்பி வா. அம்மாவுக்குக் காது கேட்கிறது என்று நர்ஸ் சொல்கிறார். அவள் கேட்டதற்கு நீயாவது வந்து பதில் சொல்.

உன் குரங்கு